பெயரும் இலக்கமும்

ஊர் ஒன்றாயினும் பெயர் பலவாதல் உலக வழக்கு. மகாநுவர என்பாரும், செங்கடகல என்பாரும், கண்டி என்பாரும் ஒரே நகரத்தையே குறிக்கின்றனர். சுற்றியுள்ள தோட்டங்கள் பலவற்றுக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும், தொழிலாளர் நாவில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. இரண்டையும் அறிந்த தபாற்காரர் வாய்த்தால் கடிதம் தவறாது. ஆயினும், லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாமையால் நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த துயரத்தைத் தோட்டத்து மாணவர் பலர் அறிவர். பெயரை இடத்தோடு பிழையின்றிப் பொருத்துவது அத்துணை முக்கியம்.

கணினி வலையமைப்பிலும் நிலைமை இதுவே. நாம் நினைவிற் கொள்வது பெயரை. கருவி தேடுவது இலக்கத்தை. பெரிதும் வழங்கும் முறையில், 0 முதல் 255 வரையான எண்கள் நான்கு சேர்ந்து ஒரு முகவரியாகும். தொடக்க காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையம் பெயர்களையும் இலக்கங்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்தது; ஏனையோர் அதனைப் படியெடுத்துக் கொண்டனர். கணினிகள் பெருகவே, படி வந்து சேருமுன் பட்டியல் பழையதாயிற்று. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் இதற்கொரு வழி கண்டார். அவரவர் எல்லைக்குட்பட்ட பெயர்களை அவரவரே காப்பது என்பதே அம்முறை. 'எல்.கே.' என முடியும் பெயர்களுக்கு இலங்கைப் பதிவகம் பொறுப்பு. அதன் கீழ், பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கணினிகளின் பெயர்களைப் பேராதனையே பேணும். 2010 இல் '.இலங்கை' என்னும் தமிழ் ஈறும் ஏற்கப்பட்டமை நமக்கு மகிழ்ச்சி தருவதே.

எனினும் பழைய பட்டியல் மறைந்துவிடவில்லை. கல்லூரியிலுள்ள வலையமைப்பு வழிப்படுத்தியில், அதாவது ரவுட்டரில், நிர்வாகி சில பெயர்களையும் இலக்கங்களையும் தாமே பதிந்து வைக்கலாம். பெயர்வினாக்களுக்கு அக்கருவியே விடையளிக்குமாறு அமைத்துவிட்டால், அடைமழையில் மரம் சாய்ந்து வெளித்தொடர்பு அறுந்தாலும், நூலகக் கணினியை உள்ளிருப்போர் பெயர் சொல்லியே அடையலாம். குறை யாதெனில், கணினியின் இலக்கம் மாறினாலும் பட்டியல் தானாக மாறாது. ஆகவே, எளிதில் இலக்கம் மாறாத சில கருவிகளை மட்டும் பதிந்து, பதிந்த நாளையும் காரணத்தையும் ஓர் ஏட்டில் குறித்து வைத்தல் நன்று.

இல்லங்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெயரின் இலக்கத்தை யாரிடம் கேட்பது என்று வீட்டுக் கணினிகளுக்குச் சொல்வது பெரும்பாலும் ரவுட்டரே. அதனை வஞ்சகர் மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போலி வாயிலிற் போய் நிற்போம். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற தீநிரல் இவ்வாறே, பெயர் கேட்கும் இடத்தை மாற்றி, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் திசைதிருப்பியது. 2011 இல் அமெரிக்கக் காவல் துறையினர் அச்சூழ்ச்சியை முறியடித்தனர்.

ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வங்கிப் பக்கம் திறக்கையில் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றினால், மேற்செல்லாது நிறுத்துங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வையுங்கள். கருவியைத் திறந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கே மிகுதி.