கேட்டறிந்த பெருமையும் கற்றறிந்த பெருமையும்

தமிழின் தொன்மையைப் பற்றி நம் மேடைகளில் பேசாதார் இல்லை. எல்லிசு சொன்னார் என்பர். கால்டுவெல் சொன்னார் என்பர். பரிதிமாற் கலைஞர் சொன்னார் என்பர். எந்த நூலில், எந்த ஆண்டில், எவர்க்கு மறுப்பாக, என்ன சான்று காட்டிச் சொன்னார் என்று ஓர் இளைஞன் எழுந்து வினவினால் மேடை வாயடைத்துப் போகின்றது. வினவியவனுக்குத் தமிழ்ப்பகைவன் என்னும் பட்டமும் கட்டப்படுகின்றது. ஓர் உண்மையைக் காதால் மட்டும் கேட்டு வைத்திருப்பவன், மாற்றான் ஒருவன் அதனை மறுக்கும்போது சினங்கொள்வானேயன்றி விடைகூற மாட்டான். கற்று வைத்திருப்பவனுக்கோ சினமே வேண்டுவதில்லை.

ஆகவே, தமிழ் நலம் நாடும் இளைஞர் ஒவ்வொருவரும் தாமே தேடிப் படிக்க வேண்டிய சில முதற்கட்டுரைகளை இங்கு எடுத்துக் கூறுகின்றோம். இவற்றுட் பெரும்பாலானவை அளவிற் சிறியவை. ஆயின், தமிழாராய்ச்சியின் போக்கையே திருப்பியவை.

முதலாவது, பிரான்சிசு வைட் எல்லிசு 1816ஆம் ஆண்டில் எழுதியது. அவர் சென்னையின் ஆட்சியராக இருந்தவர். 1812இல் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரிக்கு உயிராக விளங்கியவர். காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னே ஆய்வுக் குறிப்பு ஒன்றை எல்லிசு இணைத்தார். தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை என்று கல்கத்தாவிலிருந்த அறிஞர் எழுதி வந்த காலம் அது. எல்லிசு அவர்களோடு சொற்போர் நிகழ்த்தவில்லை. வடமொழி வேர்களை ஒருபுறமும் தெலுங்கு வேர்களை மறுபுறமும் நிரல்பட வைத்துக் காட்டினார். இரண்டும் ஒட்டவில்லை. பின்னர்த் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய மூன்றன் வேர்களையும் அருகருகே வைத்தார். அவை ஒட்டின. வேருக்குப் பின் சொல்லையும், சொல்லுக்குப் பின் சொற்றொடர் அமைப்பையும் அவ்வாறே ஆய்ந்தார். கால்டுவெலுக்கு நாற்பதாண்டு முன்னரே தென்மொழிக் குடும்பத்தின் தனிமை நிறுவப்பட்டது இவ்வாறுதான். தனித்தமிழ் இயக்கம் தோன்றியது 1916இல். அதற்குச் சரியாக நூறாண்டு முன் எழுந்த அடிப்படை இது. நம்மவருள் எத்தனை பேர் இதனைக் கண்ணால் கண்டிருக்கின்றனர்?

இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்துப் படிக்க வேண்டியவை. ஒன்று, 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கப் பெற்ற கால்டுவெலின் ஒப்பிலக்கண முன்னுரை. மற்றொன்று, பேராசிரியர் பெ. சுந்தரனார் திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து 1890களில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை.

வடமொழியின் துணையின்றியே தமிழ் தனித்து வாழவும் வளரவும் வல்லது என்னும் கால்டுவெலின் கருத்தை நாம் ஆயிரம் மேடைகளில் முழங்கியிருக்கின்றோம். அதே முன்னுரையில் அவர் தமிழிலக்கியத்தின் காலத்தை மிகவும் பின்னே தள்ளியதையும், சம்பந்தரைக் கி.பி. 13ஆம் நூற்றாண்டில் வைத்ததையும் முழங்கியவர் அறிவாரா? கால்டுவெல் நம் பகைவர் அல்லர். கழக நூல்களுட் பெரும்பாலானவை அன்று அச்சேறவில்லை. கல்வெட்டுகளும் முறையாகப் படிக்கப்படவில்லை. கிடைத்த சான்றைக் கொண்டு அவர் கணித்தார், அக்கணிப்புப் பிழைபட்டது.

அப்பிழையைத் திருத்தியவர் திருவனந்தபுரத்தில் மெய்ப்பொருளியல் கற்பித்த சுந்தரனார். கால்டுவெலை அவர் இகழவில்லை; வெள்ளையர் என்றும் வேற்றுச் சமயத்தார் என்றும் தூற்றவில்லை. சம்பந்தரைப் பின்வந்தோர் குறிப்பிடும் இடங்களையும் கல்வெட்டுச் சான்றுகளையும் படிப்படியாக அடுக்கிச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவர் ஆகார் என்று நிறுவினார். சிறுத்தொண்டர் சென்ற வாதாபிப் படையெடுப்பு, பல்லவர் 642இல் அந்நகரை அழித்த போரே என்று பின்னர் அறியப்பட்டபோது அம்முடிவு உறுதிப்பட்டது. அறுநூறு ஆண்டு இழுக்கு ஒரே கட்டுரையால் நீங்கிற்று. சுந்தரனார் யாத்த மனோன்மணீய வாழ்த்தைத் தமிழ்நாடே எழுந்து நின்று பாடுகின்றது. பாடும் வாய்களுள் ஆயிரத்தில் ஒன்றேனும் அவர்தம் ஆய்வைப் படித்திருக்குமா? வாழ்த்துப் பாடுவது எளிது. அவர் வழியில் நின்று ஆய்வது அரிது. அவர் நம்மிடம் எதிர்பார்த்திருக்கக் கூடியது பின்னதையே.

நான்காவது, சி.வை. தாமோதரனார் கலித்தொகைக்கு 1887இல் எழுதிய பதிப்புரை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த அப்பெருமகனார் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் அச்சேற்றியவர். தொட்டால் நொறுங்கும் ஏடுகளைத் தேடி அலைந்தும், கைப்பொருளைச் செலவிட்டும், உதவாத செல்வர்களைக் கண்டு நொந்தும் அவர் பட்ட பாடு அவர்தம் பதிப்புரைகளில் விளங்குகின்றது. இவை தமிழிலேயே உள்ளன. ஆங்கிலம் அறியேன் என்று எவரும் இவற்றைப் படியாமலிருக்க வழியில்லை.

ஆனால் நம்மவர்க்கு இங்கே வேறு தடை ஒன்று உண்டு. தாமோதரனாரின் உரைநடையில் வடசொற்கள் மிகுதி. அதைக் காரணம் காட்டி அவரை ஒதுக்குவாரும் நம்மிடை உளர். இது நன்றிகேடு; அறியாமையும் ஆகும். கலித்தொகையும் பொருளதிகாரமும் அச்சேறாதிருந்தால், இன்று நாம் எடுத்தாளும் தூய சொற்களுட் பல எங்கே இருந்திருக்கும்? நம் எழுத்தில் நாம் தூய்மை காப்போம். நமக்கு முன் உழைத்தாரை அவர்தம் உழைப்பால் அளப்போம்.

ஐந்தாவது, பரிதிமாற் கலைஞர் 1903இல் வெளியிட்ட தமிழ்மொழியின் வரலாற்றில் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று நிறுவும் பகுதி. உயர்மொழி யாது, தனிமொழி யாது, செம்மொழி யாது என்று முதலில் வரையறுத்துக் கொண்டு, அவ்வரையறைக்குள் தமிழ் அடங்குமாற்றை அவர் காட்டுகின்றார். வரையறை முன்னே, முடிவு பின்னே. இவ்வொழுங்கை நம் பேச்சாளர் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாண்டிலேயே, முப்பத்து மூன்று அகவையில், அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கோரிக்கையை நடுவணரசு ஏற்றது 2004ஆம் ஆண்டு அக்குதோபர் 12ஆம் நாள். இடையில் ஒரு நூற்றாண்டு கழிந்தது. இதனோடு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சார்சு ஆர்ட்டு 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் எழுதிய மடலையும் படிக்க. தொன்மை, தனித்த மரபு, இலக்கிய உயர்வு ஆகியவற்றை அளவைகளாக வைத்து, வடமொழியையும் பயின்ற அவர் தமிழுக்குச் சான்று பகர்கின்றார்.

ஆறாவது, கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் சென்னையில் கூடிய அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டிற் படித்த கட்டுரை. பாண்டி நாட்டு மலைகளில், துறவியர் தங்கிய கற்படுக்கைகளின் அருகே பொறிக்கப்பட்ட பழைய எழுத்துகளைப் பாலி மொழி என்றே பலர் மயங்கியிருந்தனர். ழகரம், ளகரம், றகரம், னகரம் என்னும் தமிழ்ச் சிறப்பெழுத்துகள் அவற்றில் உள்ளமையைக் கண்டு, அவை தமிழ் என்று அவர் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன், புகழூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாகக் குறிக்கப்படுவதை 1960களில் படித்து விளக்கினார். 1981இல் சம்பையிற் கிடைத்த கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரே இருந்தது. புலவர் பாடிய மன்னர் வெறுங்கற்பனையர் அல்லர் என்பதற்குக் கல்லே சான்றாயிற்று.

இவ்வறிஞர்தம் பிறப்பை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஆங்கில ஆட்சியாளர்; ஒருவர் கிறித்தவத் தொண்டர்; ஒருவர் ஈழத் தமிழர்; ஒருவர் அமெரிக்கர்; சிலர் பார்ப்பனக் குடியிற் பிறந்தோர். மெய்ம்மை எவர் வாயிலாக வரினும் மெய்ம்மையே. இன்னார் சொன்னார் என்பதற்காக ஏற்பதும் இழுக்கு. இன்னார் சொன்னார் என்பதற்காகத் தள்ளுவதும் இழுக்கு. இந்த அளவைகோல் நம்மவர்க்கும் பொருந்தும். பாவாணரின் வேர்ச்சொற் கட்டுரைகளைப் படிக்குங்கால், ஒரு வேரினின்று சொற்கள் கிளைக்கும் முறையை ஒவ்வொரு படியாக ஆய்ந்து பாருங்கள். எவ்விடத்தில் உள்ளம் ஒப்புகின்றது, எவ்விடத்தில் ஐயுறுகின்றது என்று குறித்து வையுங்கள். பாவாணர் பெயரைச் சொல்லிக் கைதட்டுவதினும் அதுவே அவர்க்கு நாம் செய்யும் பெருஞ்சிறப்பு.

இவற்றுட் பல ஆங்கிலத்தில் உள்ளனவே என்பீர்கள். உண்மை, அதுவே நம் முன்னுள்ள பணி. ஆங்கிலம் அறிந்தோர் அதனைக் கருவியாகக் கொண்டு படித்து, அறியாதார்க்குத் தூய தமிழில் ஆக்கித் தருக. பழைய நூல்களுட் பல இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பொருளில்லை என்பது இனிச் சொல்லத்தக்கதன்று.

ஊர்தோறும் உள்ள நம் மன்றங்கள் திங்களுக்கு ஒரு மாலையை இதற்கென ஒதுக்குக. ஒருவர் ஒரு கட்டுரையை முழுதும் படித்து வந்து அதன் சுருக்கத்தை உரைக்கட்டும். மற்றொருவர் அதனை மறுத்து வினவட்டும். விடை கிடையாத வினாக்களை எழுதி வைத்து அடுத்த திங்களில் தொடருங்கள். ஆறு திங்களில் ஆறு கட்டுரைகள் முடியும். அதன்பின் மேடையேறும் இளைஞன், கால்டுவெல் சொன்னார் என்று மட்டும் நில்லான். எங்கே சொன்னார், எங்கே பிழைத்தார், எவர் திருத்தினார் என்றும் சொல்வான். அத்தகையான் ஒருவன் எழுந்து பேசுங்கால், தமிழை இழித்துரைப்போர் சான்று தேடி ஓட வேண்டியிருக்கும். இன்றோ நாம் ஓடிக்கொண்டிருக்கின்றோம்.