பதினோரு எழுத்து முகவரி

மணியார்டர் பாரத்தில் ஊர், தெரு, அஞ்சல் நிலையம் என்று பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் நாம். வங்கிக் குறியீடும் ஒரு முகவரிதான். ஆனால் அதைப் படித்தறியாமல், "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

உள்நாட்டுக்கு ஐ.எஃப்.எஸ்.சி.; 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது பூஜ்யம், 'ஓ' என்ற ஆங்கில எழுத்து அல்ல. கடைசி ஆறும் கிளை. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ அனுப்பினால் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும்; 8 அல்லது 11 இடங்கள். அதில் ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைக் காட்டும். நமக்கு 'ஐ.என்.'. ஐரோப்பியர் கேட்கும் ஐபான் எண் இந்தியாவில் கிடையாது.

வங்கிகள் இணைந்தால் குறியீடும் மாறும். 2020இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. 2021 ஜூலை முதல் பழைய குறியீடுகள் செல்லவில்லை. ஆகவே பெற்றோரின் பழைய பாஸ்புக்கை மட்டும் நம்பக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கணக்கு எண். நெஃப்ட்டில் அதைப் பார்த்தே பணம் வரவாகிறது, பெயரைப் பார்த்து அல்ல. அனுப்புமுன் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஓர் இலக்கம் பிசகினால், ஊரில் மருந்துச் செலவுக்குக் காத்திருக்கும் தாயாரின் பணம் வேறொருவர் கணக்கில் போய் உட்காரும். பொங்கல் விழாவுக்கு மூன்று நாள் ஒதுக்கும் நம் சங்கங்கள், இதைச் சொல்லித்தர ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் என்ன?