பொத்தானின் மேல் எழுதும் சொல்

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தாலும் ரசபாளே என்னும் வாழை இனத்தாலும் பெயர் பெற்ற ஊராகும். பனாமா வாடல் நோய் பரவியதன் காரணமாக இவ்வாழை பயிராகும் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. இத்தகைய நோயைத் தடுக்க முற்படும் கள ஊழியர் முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பே. எந்தத் தோட்டம், எத்தனை வாழை, அவற்றுள் வாடியவை எத்தனை, பார்த்த தேதி எது என்பவற்றை அவர் குறித்துக்கொள்கிறார். முன்பு நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிட்ட இக்கணக்கு இன்று கணினியைச் சென்றடைகிறது.

ஊழியர் ஒருவர் பகல் முழுவதும் தோட்டம் தோட்டமாக நடந்து, மாலையில் அலுவலகம் திரும்பி, அட்டவணையை நிரப்பி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளை மூடும்பொழுது திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றுகிறது. அதில் மூன்று பொத்தான்கள் உள்ளன. எதை அழுத்துவது? அந்த நேரத்தில் அருகில் கேட்பதற்கு யாரும் இல்லை. அவருக்குத் துணையாக நிற்பது பொத்தானின் மேல் எழுதியுள்ள ஒரே ஒரு சொல்தான். அச்சொல் தெளிவற்றதாக இருந்தால் ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோகும். அதன்பின் பழி விழுவது சொல்லின் மேல் அன்று, ஊழியரின் மேல்தான்.

கட்டற்ற மென்பொருள் என்பது அதன் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளாகும். மத்திய அரசு 2005 ஏப்ரலில் தமிழ் மென்பொருள்கள் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டது. க்னோம், கேடிஇ ஆகிய திரைச் சூழல்களும், லிப்ரெஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பும் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழில் கிடைக்கின்றன. ஆகவே, தமிழ்ச் சொற்கள் திரைக்கு வருமா என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வந்த சொற்கள் விளங்குகின்றனவா என்பதே இன்று கேட்க வேண்டிய கேள்வி.

மேலே சொன்ன மூன்று பொத்தான்களையே எடுத்துக்கொள்வோம். பழைய ஓபன்ஆபிஸ் தொகுப்பில் அவை ஸேவ், டிஸ்கார்ட், கேன்ஸல் என்றிருந்தன. நடுவில் உள்ள சொல்லுக்குக் ‘கழித்துவிடு’ என்று பொருள். எதைக் கழிப்பது? கடைசியாகச் செய்த மாற்றங்களையா, ஆவணம் முழுவதையுமா? ஆங்கிலத்திலேயே ஐயத்துக்கு இடம் தந்த இச்சொல்லைத் தமிழில் ‘நிராகரி’ என்றோ ‘புறக்கணி’ என்றோ எழுதினால் ஐயம் பெருகுமேயன்றிக் குறையாது. ஓபன்ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த லிப்ரெஆபிஸில் பின்னர் இப்பொத்தான், ‘சேமிக்க வேண்டாம்’ என்று பொருள்படும் எளிய ஆங்கிலத் தொடராக மாற்றப்பட்டது. மென்பொருளின் வேலை சிறிதும் மாறவில்லை. சொல் மட்டுமே மாறியது. ஆயினும் அழுத்துபவரின் அச்சம் நீங்கியது.

இத்தகைய குறைகளுக்கு மொழிபெயர்ப்பாளரின் அறியாமை மட்டும் காரணமன்று. கட்டற்ற மென்பொருள்களில் திரைச் சொற்கள் யாவும் நிரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஒரு நீண்ட பட்டியலாக மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேர்கின்றன. ஒரு வரியில் ஆங்கிலம். அடுத்த வரியில் தமிழுக்கான வெற்றிடம். அச்சொல் திரையில் எங்கே நிற்கிறது, எதற்கு அடுத்து வருகிறது என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை. ‘ஓபன்’ என்னும் சொல் ‘திற’ என்னும் கட்டளையா, ‘திறந்துள்ளது’ என்னும் நிலையா? சொல்லை மட்டும் பார்ப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். சூழலைக் குறிப்பிட்டு எழுதும் வசதி ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் மொழிபெயர்ப்புக் கருவியில் 2006 முதல் உண்டு. எனினும், நிரல் எழுதுபவர் அவ்விடத்தில் ஒரு வரி குறிப்பு எழுதினால்தான் அது பயன்படும். அந்த ஒரு வரியைப் பல மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்களும் எதிர்நோக்கியிருக்கிறார்கள்.

இதற்கு எதிர்மாறான சிக்கலும் உண்டு. பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல். கோப்பையே அழித்துவிடுவதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ‘நீக்கு’ என்றே எழுதிவிடுவது எளிது. முதலாவதால் யாதொரு நஷ்டமும் இல்லை. இரண்டாவதால் நஷ்டம் பெரிது. ‘பட்டியலிலிருந்து எடு’, ‘கோப்பை அழி’ என்று எழுதினால் பொத்தான் சற்று நீளும். ஆனால் தவறு நேராது.

தமிழ் மொழியின் இயல்பே இவ்விஷயத்தில் நல்ல வழிகாட்டியாகும். ஆங்கிலத்தில் எந்த வினாவுக்கும் ‘எஸ்’, ‘நோ’ என்று விடையளிப்பது வழக்கம். தமிழர் அவ்வாறு பேசுவதில்லை. ‘காபி வேண்டுமா?’ என்றால் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’, ‘நாளை வருவாயா?’ என்றால் ‘வருவேன்’ அல்லது ‘வரமாட்டேன்’. வினாவில் வந்த வினையே விடையிலும் வருகிறது. பள்ளி இலக்கணத்தில் நேர் விடைக்கும் மறை விடைக்கும் காட்டப்படும் உதாரணங்களும் இத்தகையனவே. எனவே, ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்னும் வினாவின் கீழ் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் பொத்தான்கள் தமிழ்க் காதுக்குப் பொருந்துவதில்லை. ‘சேமி’, ‘சேமிக்க வேண்டாம்’ என்பவையே பொருந்தும்.

க்னோம் திரைச் சூழலை உபயோகிப்போரை அமர்த்திச் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2001இல் வெளிவந்தன; அடுத்த ஆண்டில் அதன் வடிவமைப்பு விதிகள் வெளியாயின. பொத்தானில் வெறும் இசைவுச் சொல்லை எழுதாமல், நிகழப்போகும் செயலைக் கூறும் ஏவல் வினையை எழுத வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. சோதனையும் விதியும் கொண்டு ஆங்கிலம் வந்தடைந்த இடத்தில் தமிழ் முன்னரே நிற்கிறது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றி அவ்விடத்தை விட்டு விலகுவது வருந்தத்தக்கது.

‘சேவ், டெலிட் போன்ற ஆங்கிலச் சொற்களை எல்லோரும் அறிவார்கள், அவற்றுக்குத் தமிழ் எதற்கு?’ என்று சிலர் கேட்பதுண்டு. நகர அலுவலகங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தமிழ் வழியில் பயிலும் கிராமப்புறச் சிறுவனுக்கு அவ்வாங்கிலச் சொல் ஓர் ஒலியே. அதற்குரிய பொருளை அவன் மனப்பாடம் செய்ய வேண்டியுள்ளது. எங்கும் புதுச்சொல் ஆக்குவதும் இதற்கு வழியன்று. மக்களின் தொழிலில் வழங்கும் சொல்லைத் தேடி எடுப்பதே வழி. நஞ்சன்கூடு வழங்கும் கன்னடத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. துணியில் புளியங்கொட்டைப் பசையையும் கரியையும் பூசி, மடித்து, கணக்கு எழுதப் பயன்படுத்திய ஏட்டுக்குக் ‘கடத’ என்று பெயர். கன்னடக் கணினித் திரைகளில் கோப்பைக் குறிப்பது இச்சொல்லே. தமிழில் வழங்கும் ‘கோப்பு’ என்பதும் கணினிக்கு முன்பே அலுவலகங்களில் இருந்த சொல். இரண்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

பொத்தானுக்கு அடுத்தது கையேடு. இங்கே அழகை விட ஒருமை முக்கியமானது. திரையில் ‘சேமி’ என்றிருக்க, கையேட்டில் ஓரிடத்தில் ‘பதிவு செய்க’ என்றும் வேறோரிடத்தில் ‘பத்திரப்படுத்துக’ என்றும் எழுதினால், படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். இலக்கியத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வழங்குவது குறையாகலாம். கையேட்டில் அதுவே நிறை. தமிழ்த் திரைக்கு எழுதிய விளக்கத்தில் ஆங்கிலத் திரையின் படத்தை அச்சிடுவதும் இதே குழப்பத்தை உண்டாக்கும். ஒவ்வொரு படியிலும் எதை அழுத்த வேண்டும், அழுத்தியபின் திரையில் என்ன தோன்றும், தவறாக அழுத்தினால் மீள்வது எவ்வாறு என்னும் மூன்றையும் கூற வேண்டும். பல கையேடுகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. களத்தில் இருப்பவருக்குப் பெரிதும் தேவைப்படுவது மூன்றாவதே.

அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961இல் நிறுவப்பட்டது. நஞ்சன்கூட்டுக்கு அருகே, மைசூரில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் பணியாற்றி வருகிறது. இத்தகைய நிறுவனங்கள் தரும் சொற்பட்டியல்கள் இன்றியமையாதவை. ஆயினும் கலைச்சொல் வேறு, பொத்தானின் சொல் வேறு. கலைச்சொல் ஒரு கருத்தின் பெயர். பொத்தானின் சொல் நிகழப்போகும் செயலைப் பற்றிய வாக்குறுதி. அவ்வாக்குறுதி உண்மையா என்பதை உபயோகிப்பவர் முன்னிலையில்தான் சோதிக்க முடியும்.

இச்சோதனைக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஆசிரியர் நான்கைந்து மாணவர்களைத் திரையின் முன் அமர்த்தி, ஒரு பொத்தானைச் சுட்டி, ‘இதை அழுத்தினால் என்ன நடக்கும்?’ என்று அழுத்துவதற்கு முன் கேட்டால் போதும். விடைகள் வேறுபட்டால் குறை மாணவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. கள ஊழியரும் தம்மைத் தடுமாறச் செய்த சொல் எது, அது எந்தத் திரையில் வந்தது, தாம் என்னவென்று எண்ணினார் என்னும் மூன்று விவரங்களைக் குறித்து அனுப்பலாம். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் இத்தகைய குறிப்பு நிறுவனத்தின் தயவை எதிர்நோக்கி நிற்கும். கட்டற்ற மென்பொருளிலோ அதைத் திருத்தும் வாயில் எவருக்கும் திறந்திருக்கிறது. அவ்வாயிலின் வழியே இதுவரை மிகுதியும் சென்றவர்கள் கணினி வல்லுநர்களே. வாழைத் தோட்டத்திலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் வருவோரும் அதன் வழியே செல்லத் தொடங்கினால், அடுத்த மாலை கணக்கை மூடும் ஊழியர் தயக்கமின்றிச் சரியான பொத்தானை அழுத்துவார்.