டம்ளரில் பட்ட சிவப்பு

"அப்பா, எரியுது. ஆனா கோடு வரல."

சாப்பாட்டு மேசையிலிருந்து மகன் சொன்னதும், எட்டிப் பார்க்காமலே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டையோடு செத்துவிட்டது. செத்த லேசர் டையோடு முழுவதுமாக அணைந்துவிடாது. கோவில் மாடத்தில் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி மங்கலாகச் சிவந்துகொண்டிருக்கும். ஒளி இருக்கும், ஆனால் அது லேசர் ஒளி இல்லை. சாதாரண எல்இடி விளக்கின் ஒளி.

படிவம் இரண்டில் படிக்கும் பையன் அவன். பள்ளி விடுமுறையில் ஸ்டோர் அறையைக் காலி செய்யச் சொன்னால், என் பழைய கணினியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதிலிருந்த டிவிடி ரைட்டரைக் கையில் எடுத்து, "இதுக்குள்ள லேசர் இருக்குதானே?" என்று கேட்டான். இருக்கிறது. வட்டில் எழுதுவதற்கு, படிப்பதற்குத் தேவையானதைவிட மிக வலுவான சிவப்பு லேசர் வேண்டும். வேகமான ரைட்டர்களில் இருக்கும் டையோடு தொடர்ந்து எரியும்போதே 200 மில்லிவாட் வரை தரக்கூடியது. சட்டை பொத்தானைவிடச் சிறிய உலோகக் குப்பி ஒன்றில் அது அடங்கியிருக்கும். பக்கத்திலேயே சிடிக்கான அகச்சிவப்பு டையோடும் இருக்கும். அது கண்ணுக்கே தெரியாத ஒளி. அதைத் தவறுதலாக எடுத்துவிட்டால் "எரியவே இல்லையே" என்று உற்றுப் பார்ப்போம் பாருங்கள், அங்கேதான் வினை.

இளவயதில் கொஞ்சம் மின்னணுவியல் படித்தவன் நான். பிறகு வேலை வேறு பக்கம் போய்விட்டது. மகனோடு உட்கார ஒரு சாக்குக் கிடைத்ததே என்று சனிக்கிழமை காலை இருவரும் கோலாலம்பூர் பூடுவில் உள்ள ஜாலான் பாசாருக்குக் கிளம்பினோம். மின்னணுப் பாகங்கள் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தெருவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்எம்317 ரெகுலேட்டர், பத்து ஓம் ரெசிஸ்டர் இரண்டு, கெப்பாசிட்டர், சில சாதாரண டையோடுகள், வெப்பம் உறிஞ்ச ஓர் அலுமினியத் துண்டு. மொத்தச் செலவு நாங்கள் குடித்த தே தாரேக், ரொட்டி சானாய் கணக்கைவிட அதிகமில்லை.

லேசர் டையோடைப் பேட்டரியில் நேராக மாட்டினால் என்ன என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. டார்ச்லைட் பல்புக்கு அப்படித்தானே செய்கிறோம்? ஆனால் டையோடின் குணம் வேறு. மின்னழுத்தத்தைத் துளி கூட்டினால் அதற்குள் பாயும் மின்னோட்டம் பல மடங்கு ஏறிவிடும். மின்னோட்டம் ஏறினால் சூடாகும். சூடானால் அதே அழுத்தத்தில் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அது இன்னும் சூடாக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுகிறவன் நிலைதான். ஆகவே அழுத்தத்தை அல்ல, மின்னோட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் 'டிரைவர்' என்கிற சின்னச் சுற்று.

எல்எம்317-ஐ வைத்து அதைக் கட்டுவது எளிது. தன் இரண்டு கால்களுக்கு இடையே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் 5 ஓம் ரெசிஸ்டரை வைத்தால், 1.25-ஐ ஐந்தால் வகுக்க வேண்டியதுதான். 0.25 ஆம்பியர், அதாவது 250 மில்லிஆம்பியர். பத்து ஓம் ரெசிஸ்டர் இரண்டை அருகருகே இணைத்தால் ஐந்து ஓம் ஆகிவிடும், சூட்டையும் இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதி மேசைமேல் வேலை செய்வதைப் பார்த்து மகன் முகம் மாறியது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் டையோடைக் கொன்றது அவன் இல்லை, நான்தான். அவசரம். டிரைவரைக் கட்டி முடித்ததும், மின்சாரம் வருகிறதா என்று சும்மா ஒருமுறை போட்டு அணைத்துவிட்டு, "சரி, இப்ப மாட்டு" என்றேன். சுமை எதுவும் இல்லாமல் போட்டதால் கெப்பாசிட்டர் முழு அழுத்தத்துக்கு நிரம்பி நின்றது. அணைத்த பிறகும் அது காலியாகவில்லை. டையோடின் கால் பட்ட கணத்தில் மொத்தமும் அதற்குள் பாய்ந்துவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் பொருள்கள் அப்படித்தான் சாகும். கம்பளியில் உரசிய விரலில் இருக்கும் நிலைமின்சாரம்கூட அதற்கு எமன்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்பதுதான் வெட்கம். சாதாரண டையோடு நான்கை வரிசையாகக் கோத்து, அதோடு ஒரு ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் அது ஒரு பொய் லேசர். டிரைவரை முதலில் அதில் மாட்டி, அந்த ரெசிஸ்டரின் இரு முனையில் மல்டிமீட்டரை வைத்தால் எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லிஆம்பியர். சரியாக இருந்தால் அணைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களையும் ஒரு கம்பியால் தொட்டுக் காலி செய்து, பிறகுதான் உண்மை டையோடு.

"இவ்வளவு சீக்கிரம் செத்துப்போற சாமானை யாருப்பா செஞ்சா?" என்று மகன் சலித்துக்கொண்டான். 1962-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் முதல் டையோடு லேசரை இயக்கியபோது, அதைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, விட்டுவிட்டுத் துடிப்புகளாகத்தான் மின்சாரம் கொடுத்தார்கள். அறை வெப்பத்தில் தொடர்ந்து எரிய வைக்க 1970 ஆகிவிட்டது. நம் வீட்டு மேசையில் விசிறிக்கடியில் எரிகிறதே, அதுவே பெரிய காரியம் என்றேன். சமாதானம் ஆகவில்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து இன்னொரு பழைய ரைட்டரைக் கேட்டு வாங்கி வந்தான்.

இரண்டாவது உயிரோடு வந்தது. முதலில் குறைந்த மின்னோட்டம் கொடுத்து மெல்ல ஏற்றினோம். ஐம்பது மில்லிஆம்பியர் வரை அதே மங்கல் சிவப்பு. அறுபதைத் தாண்டியதும் சட்டென்று பிரகாசம். அந்த வாசலைத் தாண்டினால்தான் டையோடு லேசராகிறது. லென்ஸைத் திருகித் திருகிப் புள்ளியைச் சுருக்கினோம். கறுப்புப் பலூன் அறையின் மறுகோடியில் வெடித்தது. பையன் குதித்த குதியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இப்போது டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி வழக்கம்போல் காப்பியைக் கொண்டுவந்து மேசையோரம் வைத்துவிட்டுப் போனாள். எவர்சில்வர் டம்ளர். நான் லேசரைத் தாங்கியில் பொருத்திக்கொண்டிருந்தேன். கை வழுக்கி அது ஒரு பக்கம் சாய்ந்தது. மகனின் முகத்தில் சிவப்பு ஒரு கோடாக ஓடி மறைந்தது. என் முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. அவன் முகத்தில் இல்லை. நான் வாங்கியது ஒன்றே ஒன்று.

வெள்ளைத் தாளில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறிவிடும். எவர்சில்வர் சிதறடிக்காது, வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பும். வகுப்பறையில் ஆசிரியர் பயன்படுத்தும் ஒரு மில்லிவாட் சுட்டியிடமிருந்து நம் இமை நம்மைக் காப்பாற்றும். கால் நொடிக்குள் கண் மூடிக்கொள்ளும். 200 மில்லிவாட்டுக்கு அந்தக் கால் நொடி மிக நீண்ட நேரம். கண்ணின் லென்ஸ் அந்த ஒளியை விழித்திரையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவாகக் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோனால்கூட "ஆ" என்று கத்தத் தோன்றாது.

"ஒண்ணும் ஆகலப்பா" என்றான் அவன். அதைத்தான் நம்ப முடியவில்லை.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரியவைத்தார். காத்திருக்கும் அறையில் மகனுக்குக் கைப்பேசி எழுத்து மங்கிவிட்டது. அது மருந்தின் வேலை என்று தெரிந்தும் என் வயிறு கலங்கியது. மனைவி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ரெண்டு பேர் உட்கார்ற மேசைக்கு எதுக்குங்க ஒரே ஒரு கண்ணாடி வாங்கினீங்க?" விலையைச் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

விழித்திரையில் காயம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். டம்ளரின் வளைவு ஒளியை அகல விரித்துவிட்டதால் தப்பித்தோம் என்று நினைக்கிறேன். என் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை.

சரியான கண்ணாடி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கண்ணாடி உதவாது. சிவப்பு லேசருக்குச் சிவப்புக் கண்ணாடி போடுவது அதைவிட மோசம், அது சிவப்பைத்தான் உள்ளே விடும். எந்த அலைநீளத்துக்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். எங்களுடையதற்கு 650 நானோமீட்டரில் ஓடி 4. பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். பசார் மாலாமில் கிடைக்கும் பச்சை லேசர் பேனாக்களின் லேபிளையும் நான் நம்புவதில்லை. அவற்றில் அகச்சிவப்பிலிருந்துதான் பச்சையை உண்டாக்குகிறார்கள், அதை வடிகட்டும் தகடு மலிவான பேனாவில் சில சமயம் இருப்பதில்லை. 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிலையம் சோதித்த ஒரு பேனாவில் பச்சை மங்கலாக இருந்தது. ஆனால் ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதை வைத்து வானத்தில் விமானத்தைத் தேடுவதையும் பார்க்கிறேன். விமானிமீது லேசர் அடிப்பது குற்றம். பெற்றோர் பேனாவைப் பிடுங்கி வைப்பது நல்லது.

நாங்கள் விட்டுவிடவில்லை. விட்டுவிடுவோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். மகன் மறுத்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னின் உள்பக்கத்துக்குக் கறுப்பு மட்டச் சாயம் அடித்துக் கொண்டுவந்தான். லேசர் இப்போது அதற்குள்ளேதான் எரிகிறது. மூடியைத் திறந்தால் மின்சாரம் துண்டிக்கும் சுவிட்சும் வைத்திருக்கிறான். அந்தச் சுவிட்ச் சுற்றை அவனே வரைந்தான், நான் ஒரு பிழை மட்டும் திருத்தினேன்.

சுவிட்சைத் தொடுமுன் மேசையிலிருந்து கரண்டி, சாவிக்கொத்து, என் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைக்கிறான். எனக்கு ஒரு கண்ணாடி, அவனுக்கு ஒன்று. மூன்றாவது கதவுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. காப்பி அதற்குக் கீழே உள்ள முக்காலியில் வந்து நிற்கிறது, பீங்கான் கோப்பையில்.