பானை வனையப் பத்து நாள்!

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில், கப்பலூரில், உங்கள் வண்டி நின்றாக வேண்டும். சுங்கச் சாவடி! கட்டணம் செலுத்தினால்தான் தடை உயரும். அருகே தொழிற்பேட்டை, 1936-இல் எழுந்த தியாகராசர் ஆலை, நாற்கரச் சாலையில் ஓயாது ஓடும் லாரிகள். இவற்றுக்கிடையே புத்தகப் பை சுமந்து உயர்நிலைப் பள்ளிக்கு நடக்கிறானே உழவன் வீட்டுப் பிள்ளை, அவன் பாதையிலும் ஒரு சாவடி கட்டப் பார்க்கிறார்கள், தோழர்களே!

அந்தச் சாவடிக்குப் பெயர் தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டு 2020. ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையே பத்து நாள் பிள்ளை பையின்றி வரவேண்டுமாம். உள்ளூர்த் தச்சரிடம், தோட்டக்காரரிடம், குயவரிடம் தொழில் பழக வேண்டுமாம். "பத்தே நாள்தானே, பதறுவானேன்?" என்று பரிவோடு கேட்கிறார்கள்.

ஏன் பதறுகிறோம்? சூடு கண்ட பூனை நாம்! 1953-இல் ஆச்சாரியார் ஆட்சி ஒரு திட்டம் தந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. எஞ்சிய பொழுதில் அப்பன் தொழிலைப் பழகு என்றது. நகரத்துப் பிள்ளைக்கு அந்த விதி இல்லை! குலக்கல்வி என்று தமிழகம் அதற்குப் பெயர் சூட்டியது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தில் கழகம் அதை ஒரு முனையாக ஏற்றது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது.

புதிய கொள்கையில் 'அப்பன் தொழில்' என்ற சொல் இல்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. சொல் எதற்கு? ஊர் போதாதா? தச்சர் தெரு எது, குயவர் தெரு எது என்று ஊரே அறியும். எந்தப் பிள்ளை எந்த வாசலுக்குச் செல்வான் என்பதும் அறியும். நாடகக்காரன் அல்லவா, காட்சியாகவே காட்டுகிறேன்:

"ஐயா, தொழிற்பேட்டையில் இயந்திரம் வடிவமைக்கும் பொறியாளரிடம் எங்களைப் பத்து நாள் அனுப்புங்களேன்!"

"அதற்கெல்லாம் உனக்கு வயது போதாது, தம்பி."

"பானை வனைய மட்டும் போதுமோ?"

திரை!

பானையை நாம் பழிக்கவில்லை. இதே மதுரைக்கு அருகே, கீழடி மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பானையும் எழுத்தும் பிரியாதிருந்த மண் இது. எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு பானையை மட்டும் கையில் கொடுக்கும் பெருந்தன்மையைத்தான் வேண்டாம் என்கிறோம்.

பிறப்பைப் பார்த்து வாழ்வை எழுதுவது என்னவென்று இவ்வட்டாரத்துக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிறந்த குழந்தையையும் குற்றவாளி என்ற சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று குண்டேந்தி மாண்டார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தக் காலத்துக் கண்ணீரில் எழுந்தவை.

ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்ததற்கு வந்த தண்டனை யாது? 2024-25-க்குத் தரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கட்டணம் கொடு, கதவு திறக்கிறேன்! கப்பலூர்ச் சாவடியில் கேட்பது பணம்; டெல்லிச் சாவடியில் கேட்டது மானம். 2025-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

நம் பிள்ளைக்கு நாம் வகுத்தவை வேறு வகை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சென்ற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் அதே மாதம் வந்தது. ஆனாலும் நம்மவரிடமும் ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். அக்காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை என்றே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பசி நின்றுவிடுமா?

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். மேடையில் முழங்கும் நம் தோழர்களில் எத்தனை பேர், பெற்றோர் என்ற முறையில் அக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறோம்? அடுத்த கூட்டம் என்று என உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் நாளையே கேட்டு வாருங்கள்.