பாலுக்குக் கணக்கு உண்டு, பொழுதுக்கு?

பால் கணக்கு, சலவைக் கணக்கு என்று காலண்டரில் குறித்து வைக்காத வீடு குறைவு. கேஸ் சிலிண்டரை எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதுகூட அடுப்படிச் சுவரில் எழுதியிருக்கும். ஆனால் அரை லிட்டர் பாலுக்கு இருக்கிற மரியாதை நம்முடைய அரை மணி நேரத்துக்கு உண்டா? "பகல் பூரா வீட்டிலேதானே இருந்தே, என்ன பண்ணினே?" என்று யாராவது கேட்டால் நமக்குக் கோபம் வருகிறதே தவிர, பதில் வருவதில்லை. ஏனென்றால் அந்தப் பொழுது எங்கே போயிற்று என்பது நமக்கே தெரியாது!

சர்க்கார் இதைக் கேட்டு எழுதியிருக்கிறது, சகோதரிகளே. 1998-99ல் தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் சோதனையாக ஒரு நேரக் கணக்கெடுப்பு நடந்தது. பிறகு 2019ல் நாடு முழுவதும் எடுத்தார்கள். காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டமாகப் போட்டு, யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மறுபடி எடுத்தபோது 289, 88. அந்த வேலையில் கை வைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி இது. குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிப்பது தனிக் கணக்கு.

ஊர்க் கணக்கு இருக்கட்டும், நம் வீட்டுக் கணக்கை எப்படி எழுதுவது? கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா பையன்தான் வழி காட்டினான். ஈமாக்ஸ் என்ற புரோகிராமுக்குள் 'ஆர்க் மோட்' என்று ஒன்று இருக்கிறதாம். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர் 2003ல் உண்டாக்கியது. படமும் கலரும் இல்லாமல் வெறும் எழுத்தாலான ஃபைல். நட்சத்திரக் குறி ஒன்று போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உள்தலைப்பு. வேலையை ஆரம்பிக்கும்போது கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஐ என்று தட்டினால் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. கடைசி எழுத்துக்குப் பதில் கண்ட்ரோல்-ஓ தட்டினால் நிற்கிறது. ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இடையில் எவ்வளவு என்று அதுவே ஒரு வரி எழுதி வைக்கிறது. அடுத்த வேலைக்குக் கடிகாரத்தைத் திருப்பினால் முந்தையது தானாக நின்றுவிடும். எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி என்று கூட்டியும் கொடுக்கும்.

"சித்தி, வெறும் எழுத்து ஃபைல்ங்கறதாலே எந்த மிஷின்லேயும் திறக்கும். பத்து வருஷம் கழிச்சும் படிக்கலாம்" என்றான். நமக்கு வேண்டியது அந்த முறைதான். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. செல்போனில் குறிப்பு எழுதும் பக்கத்தில் கையாலேயே எழுதினேன்.

5.40 – 6.25 வாசல், பால், காபி
6.25 – 8.10 டிபன், மதியச் சமையல், டப்பா
8.10 – 8.30 அத்தைக்கு மருந்து, கஞ்சி

இவ்வளவுதான். நோட்டும் பென்சிலும் இருந்தாலும் போதும். எழுதுவதற்கு நாலு விதி வைத்துக்கொண்டேன்.

வேலையைத் தொடங்கும்போதே நேரத்தைக் குறிக்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி மறந்துபோகும்.

தலைப்பு ஆறுக்கு மேல் வேண்டாம். சமையல், துப்புரவு, துணி, கவனிப்பு, வெளிவேலை, என் பொழுது.

அடுப்பில் குழம்பும் மடியில் கீரையுமாக இருந்தால் கை எதில் இருக்கிறதோ அதை எழுதி, மற்றதைப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ஏழு நாள் எழுத வேண்டும். ஞாயிறு நமக்கு லீவு இல்லை என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டினேன். சர்க்கரைக்காக டாக்டர் என்னைத் தினம் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் நடந்தது வாரம் முழுவதற்கும் 40 நிமிடம்! தூக்கம் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணியாவது வேண்டுமே?

பொழுதை விழுங்கியது சமையல் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு அத்தைக்கு, எட்டே முக்காலுக்கு டியூஷனிலிருந்து வரும் பெண்ணுக்கு, பத்து மணிக்கு இவருக்கு என்று மூன்று தடவை சுடவைத்து, பரிமாறி, பாத்திரம் ஒழித்துப் போட்டதற்கு மட்டும் தினம் 1 மணி 50 நிமிடம் போயிருந்தது.

அதை இவரிடம் காட்டினேன். சண்டைக்கு அல்ல. இரண்டு தடவை படித்துவிட்டு, "பத்து மணிக்கு நானே சுடவெச்சுக்கறேன், தட்டையும் கழுவி வெச்சுடறேன்" என்றார். பெண்ணும் தன் தட்டைத் தானே கழுவுகிறாள். அடுத்த வாரம் அதே வேலை 1 மணி 5 நிமிடம்தான். மிச்சமான 45 நிமிடத்தில் அரை மணி நடை, மீதி தூக்கத்துக்கு.

ஆனால் கவனிப்பு என்ற தலைப்பில் தினம் 2 மணி 10 நிமிடம் என்று நான் வாசித்ததை அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். "என்னாலே உனக்கு இத்தனை வேலையாம்மா?" என்றார். குரல் கம்மியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினேன். மருந்து, குளியல், கால் பிடிப்பது எல்லாம் 1 மணி 10 நிமிடம். மற்ற ஒரு மணியில் நாங்கள் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறோம். "அப்போ அது உன் பொழுதிலே போட வேண்டியதுதானே?" என்றார். அப்படியே மாற்றிப் போட்டேன்.

நிமிடம் எவ்வளவு என்று சொல்லும் இந்தக் கணக்கு, எது சுமை, எது சுகம் என்று சொல்லாது. அதைப் பிரித்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். பிறரைக் குத்திக் காட்டுவதற்கும் இதை எடுக்கக் கூடாது. வருஷம் பூரா எழுதி இன்னொரு வேலையாக்கிக்கொள்ளவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் எழுதினால் போதும்.

வருகிற திங்கட்கிழமை காலை காபி போடும்போது முதல் வரியை எழுதிப் பாருங்களேன். வாரக் கடைசியில் கூட்டும்போது 'என் பொழுது' என்ற தலைப்பை முதலில் கூட்டுங்கள். அதில் முட்டை விழுந்திருந்தால் அடுத்த வாரம் மாற்ற வேண்டியது எது என்பதை மற்ற ஐந்து தலைப்புகளும் சொல்லிவிடும்.