உபயம் எழுத இடமில்லை!

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் ஃபேன் இருக்கிறது. மூன்று றெக்கையிலும் உபயதாரர் பெயர். பெயரைப் படிக்க வேண்டுமானால் ஃபேனை நிறுத்தணும். காற்று வேண்டுமானால் பெயர் தெரியாது.

நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள்!

இந்த ஃபேன் ஞாபகம் வரக் காரணம் ஒரு ரசீது புத்தகம். போன மாசம் களமருதூரில் மாமா வீட்டுத் திண்ணையில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் குழுவாம். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து, கூலி வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும் வரை, பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பாடம், விளையாட்டு, சுண்டல். எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், எந்த வீட்டில் எட்டாவதோடு கல்யாணம் பேசுகிறார்கள் என்று பார்த்துப் போய்ப் பேசுவதும் அவர்கள்தான்.

''80ஜி உண்டா?'' என்றேன்.

எனக்கு அதனால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது. புது வரித் திட்டத்துக்கு மாறிவிட்டேன். அதில் 80ஜி கழிவே இல்லை. இருந்தாலும் கேட்டேன். பி.காம். புத்தி!

அடுத்து பட்ஜெட் கேட்டேன். ஒரு நோட்டைக் காட்டினார். சுண்டல், பஸ் சார்ஜ், இரண்டு பெண்களுக்குச் சம்பளம்.

''சேவைக்கு எதுக்குங்க சம்பளம்?''

''உங்க ஆபீஸ்ல யாராவது சேவையா கணக்கு எழுதறாங்களா தம்பி?''

காபி புரையேறியது.

யோசித்தால், நம் சட்டங்களும் என்னைப் போலத்தான் யோசிக்கின்றன. 2013 கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவிகிதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால், தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் யார் ஹெட் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள்?

வெளிநாட்டுப் பணம்? 2020-ல் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவிகிதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் தடை. பட்டணத்துப் பெரிய டிரஸ்ட் வாங்கி கிராமத்துச் சின்னக் குழுவுக்குப் பிரித்துக் கொடுத்த வழி அதோடு அடைந்தது.

அரசாங்கம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1996-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகத்தில் ஆரம்பித்த 1098 போன் சேவையை, 2023-லிருந்து அரசே நேரடியாக ஏற்று நடத்துகிறது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே வளர மாசம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் அந்தப் போனை யாராவது எடுத்துப் பேச வேண்டும். அந்த விண்ணப்பத்தை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு சொன்னது: குழந்தைகளிடம் தப்பாக நடந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். தெரிந்தவரைப் பற்றிக் குழந்தை யாரிடம் சொல்லும்? தினமும் சுண்டல் கொடுக்கிற அக்காவிடம் சொல்லலாம்.

2024 ஜூனில், இதே மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாசம் 5,000 ரூபாய், 5 லட்சம் டெபாசிட் என்று அரசு அறிவித்தது. அவசியமான பணம். யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு முந்தின வருஷம், 'குடிக்கிற வீடுகளுக்குப் போய்ப் பேச பஸ் சார்ஜ் வேணும்' என்று யாராவது கேட்டிருந்தால், என்னைப் போல ஒருவன் காபியும் கையுமாக ''80ஜி உண்டா?'' என்றிருப்பான்.

நடந்த பிறகு கொடுக்க நமக்கு மனசு இருக்கிறது. நடக்காமல் இருக்கக் கொடுப்பதுதான் கஷ்டம். காட்ட ஒன்றும் இருக்காதே!

உருப்படியான கேள்வியை மாமாதான் கேட்டார்.

''பிள்ளைங்களோட யாரும்மா இருப்பாங்க? தனியாவா?''

''எப்பவும் ரெண்டு பேர்ங்க. கதவு திறந்தே இருக்கும். யாரோட அம்மா வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.''

எந்தக் குழுவுக்குக் கொடுத்தாலும், வரிக் கழிவுக்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான்.

ரெண்டாயிரத்தை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

''மொத்தமா வேணாம் தம்பி. மாசம் இருநூறு போதும். ஆனா மாசாமாசம் வரணும். சம்பளம் மாசாமாசம் குடுக்கணுமில்ல?''

''பேர் எதுலயாவது எழுதுவீங்களா?'' என்று மாமா என்னை ஓட்டினார்.

''ஃபேனா இருந்தா எழுதலாம்ங்க. ஒண்ணும் நடக்காம ஒரு சாயங்காலம் போச்சுன்னா, அதுல எங்க எழுதறது?''

ரசீதில் 'எதற்காக' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: 'சாயங்காலம்'.

எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.